ஷெல்செக்: ஆறு வருடமாக வைத்திருப்பவனின் புலம்பல்

போன வாரம் தம்பி ஒருவன் வாட்ஸ்அப்பில் கேட்டான். எங்கள் அலுவலகத்தில் இரண்டு வருடம் இருந்துவிட்டு இப்போது கோவையில் வேறு வேலைக்குப் போயிருப்பவன். "புது எடத்துல எழுவது ஷெல் ஸ்கிரிப்ட் இருக்குதுங்ணா. யாரு எழுதுனதுன்னே தெரியல. ஷெல்செக் போட்டுடலாமுங்களா?"

ஷெல் ஸ்கிரிப்ட் என்றால் கம்ப்யூட்டருக்கான கட்டளைகளை வரிசையாக எழுதிவைத்த கோப்பு. அதை ஓட்டாமலே படித்துப் பார்த்து எங்கே தப்பு என்று சொல்லும் கருவிதான் ஷெல்செக். கேட்ட நேரம் சரியில்லை. அன்றைக்குத்தான் அதே ஷெல்செக்கோடு இரண்டு மணி நேரம் மல்லுக்கட்டிவிட்டு வந்து உட்கார்ந்திருந்தேன். உடனே பதில் போட்டிருந்தால் அவனுக்குத் தேவையில்லாத திட்டுதான் போயிருக்கும். அதனால் கொஞ்சம் ஆறவிட்டு எழுதுகிறேன். முழுசாக ஆறிவிட்டது என்று சொல்லமாட்டேன்.

அடிப்படை விவரங்களை எல்லாம் விளக்கப்போவதில்லை. விடார் ஹோலன் என்பவர் 2012-இல் தொடங்கியது, ஹாஸ்கெல் என்ற நிரல்மொழியில் எழுதியது, காசு கிடையாது. ஒவ்வொரு எச்சரிக்கைக்கும் எஸ்சி என்று தொடங்கும் ஓர் எண் உண்டு. நான் எண்ணை மட்டும் சொல்லிக்கொண்டு போகிறேன். ஷெல் வகைகளில் பாஷ், டேஷ், கார்ன் ஷெல் எல்லாம் அதற்குத் தெரியும். இசட் ஷெல் ஸ்கிரிப்டைக் கொடுத்தால் 1071 என்று ஒரு வரி போட்டுவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். போதும்.

நான் இதில் வந்து விழுந்த கதை வேறு. திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி நிறுவனத்தின் சர்வர்களைப் பார்த்துக்கொள்வது என் வேலை. 2019 கடைசியில், நானே எழுதிய பேக்கப் ஸ்கிரிப்டில் ஒரு சின்னத் திருத்தம் செய்தேன். அந்த ஸ்கிரிப்டின் மேல்பகுதி ஏழு நாளுக்கு முந்தைய பேக்கப்புகளை அழிக்கும். அதற்குக் கீழே ஓர் இஃப் பிளாக்கில், அதாவது ஒரு நிபந்தனைக்குள், புது பேக்கப் எடுக்கும். நான் கைவைத்தது கீழ்ப்பகுதியில். ஒரு மேற்கோள் குறியை மூட மறந்துவிட்டேன்.

மற்ற மொழியாக இருந்தால் கோப்பு முழுவதையும் முதலில் படித்துப் பார்த்து, தப்பு இருந்தால் ஒரு வரிகூட ஓடாமல் நின்றிருக்கும். பாஷ் அப்படி இல்லை. படிக்கப் படிக்க ஓட்டிக்கொண்டே போகும். ஆக, தினமும் ராத்திரி இரண்டு மணிக்கு அந்த ஸ்கிரிப்ட் எழுந்து, பழைய பேக்கப்பை ஒழுங்காக அழித்துவிட்டு, புதிதாக எடுக்க வேண்டிய இடத்தில் எரர் அடித்துப் படுத்துவிடும். ஸ்கிரிப்டை நேரத்துக்கு எழுப்பிவிடும் க்ரான் அனுப்பிய மெயிலை யாரும் பார்க்கவில்லை. யாரும் என்றால் நான்தான். எட்டாம் நாள் காலையில் பார்த்தால் ஃபோல்டர் காலி. டேட்டாபேஸ் நன்றாக இருந்ததால் பிழைத்தேன். அன்றைக்கு வேர்த்த வேர்வை மட்டும் இன்னும் ஞாபகம் இருக்கிறது. பாஷை '-என்' போட்டு ஓட்டினால் ஓடாமல் இலக்கணம் மட்டும் பார்க்கும் என்பதை அதற்கு அப்புறம்தான் தெரிந்துகொண்டேன்.

எரர் மெயிலில் பாஷ் காட்டிய வரி எண் 212. அங்கே போய்ப் பார்த்தால் தப்பே இல்லை. அந்த ஸ்கிரிப்டைக் கொண்டுபோய் ஷெல்செக் தளத்தில் ஒட்டினேன். அது இரண்டு இடங்களைக் காட்டியது. 34-ஆம் வரியில் 1078: இந்த மேற்கோளை மூட மறந்துவிட்டீர்களா? 41-ஆம் வரியில் 1079: இது மூடும் மேற்கோள்தான், ஆனால் அடுத்து வரும் எழுத்தைப் பார்த்தால் சந்தேகமாக இருக்கிறது.

தப்பு 34-இல்தான்.

எப்படிக் கண்டுபிடித்தது என்று யோசித்துப் பாருங்கள். ஒரு மேற்கோள் விட்டுப்போனால் அதற்குக் கீழே எல்லாமே, உள்பக்கம் வெளியே வரும்படி பனியனைத் திருப்பிப் போட்ட மாதிரி ஆகிவிடும். உள்ளே இருக்க வேண்டியது வெளியே, வெளியே இருக்க வேண்டியது உள்ளே. திறக்கும் குறியெல்லாம் மூடும் குறியாகிவிடும். இலக்கணப்படி அடுத்த மேற்கோள்வரை எல்லாம் சரி. ஷெல்செக் இலக்கணத்தோடு நிற்காமல் மனுஷத்தனமாக ஒன்றைக் கவனிக்கிறது: ஒரு மேற்கோள் பல வரி தாண்டிப் போய், மூடிய கையோடு ஓர் எழுத்து ஒட்டிக்கொண்டு வந்தால், அது அநேகமாக மூடும் குறி அல்ல, அடுத்த சொல்லைத் திறக்க வந்த குறி. அவ்வளவுதான் தந்திரம். பெரிய கணக்கெல்லாம் இல்லை. ஆனால் யாரோ ஒருவர் இதே மாதிரி ஒரு காலையில் வேர்த்திருந்தால்தான் இந்த விதியை எழுதியிருக்க முடியும் என்று தோன்றியது. அன்றைக்கே மாட்டிக்கொண்டேன்.

அப்புறம் ஷெல்செக்கின் விளக்கத் தளம், அந்த விக்கி. ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு பக்கம். தப்பான நிரல், சரியான நிரல், ஏன் என்ற காரணம். அடியில் விதிவிலக்கு என்று ஒரு பகுதி இருக்கும். எந்தச் சூழலில் இந்த எச்சரிக்கையை விட்டுவிடலாம் என்று அதில் சொல்லியிருப்பார்கள். தன் பேச்சை எப்போது கேட்க வேண்டாம் என்று தானே சொல்லும் கருவியை நான் வேறு பார்த்ததில்லை. 2086-இன் பக்கத்தை மனப்பாடமாகச் சொல்வேன். மாறியை, அதாவது ஒரு மதிப்பைத் தாங்கி நிற்கும் பெயரை, மேற்கோளுக்குள் போடு, இல்லாவிட்டால் இடைவெளி வந்த இடத்தில் இரண்டாக உடையும் என்பது. எங்கள் மெர்ச்சண்டைசர்கள் ஃபோல்டருக்கு 'ஸ்டைல் ஃபைனல் நியூ' என்றெல்லாம் பெயர் வைப்பார்கள், ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவே தாராளமாக இடம் விட்டு. அந்த ஒரு எண் எனக்கு எத்தனை சண்டையை மிச்சப்படுத்தியது என்று கணக்கில்லை. 2115 இன்னும் கனமானது. மாறி காலியாக இருந்தால் அழிக்கும் கட்டளை வேர் ஃபோல்டரிலிருந்தே தொடங்கிவிடும் என்று முன்கூட்டியே கத்தும். 2015 ஜனவரியில் லினக்ஸில் ஸ்டீம் என்ற விளையாட்டு மென்பொருளின் ஸ்கிரிப்ட் ஒன்று இதே மாதிரி காலி மாறியால் ஒருவரின் கோப்புகளைத் துடைத்துப்போட்டது ஞாபகம் இருக்கலாம்.

கண்ணுக்குத் தெரியாத தப்புகளிலும் கெட்டி. வாட்ஸ்அப்பிலோ வேர்டிலோ இருந்து ஒட்டிய நிரலில் மேற்கோள் குறி வளைந்து வந்திருக்கும், 1110 சொல்லிவிடும். விண்டோஸில் சேமித்த கோப்பின் வரி முடிவு, 1017. சாதாரண இடைவெளி மாதிரியே தெரியும் உடையாத இடைவெளி, 1018. இதெல்லாம் உட்கார்ந்து தேடினால் பைத்தியம் பிடிக்கும்.

இவ்வளவு பாராட்டியாயிற்று. இனி அந்த இரண்டு மணி நேரம்.

மாதக் கூலிக் கோப்பைத் தயாரிக்கும் ஸ்கிரிப்ட், 380 வரி. மேலிருந்து கீழே ஒரே ஓட்டமாக எழுதியது, இஃபுக்குள் இஃப். நடுவே தேவையில்லாத ஒரு பகுதியை வெட்டும்போது கூடவே ஒரு ஃபி-யும் போய்விட்டது. ஷெல்லில் இஃப் தொடங்கினால் அதையே திருப்பி எழுதி ஃபி என்று முடிக்க வேண்டும் என்பது தெரிந்திருக்கும். கேஸ் என்றால் ஈசாக். ஆல்கால் 68 என்ற பழைய நிரல்மொழி மீது, யுனிக்ஸ் ஷெல்லை எழுதிய பூர்னுக்கு இருந்த பிரியத்தில் வந்த வழக்கம். திரும்பத் திரும்ப ஓட்டும் பகுதியைத் தொடங்கும் டூ-வை மட்டும் ஓடி என்று முடிக்காமல் டன் என்று வைத்தார்; ஓடி என்ற பெயரில் யுனிக்ஸில் ஏற்கெனவே ஒரு கட்டளை இருந்தது. சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

ஷெல்செக் சொன்னது இது. 38-ஆம் வரி: 1046, இந்த இஃபுக்கு ஃபி கிடைக்கவில்லை. அதே வரி: 1073, இந்த இஃபைப் படிக்க முடியவில்லை. கோப்பின் கடைசி வரி: 1047, மேலே சொன்ன இஃபுக்கு ஃபி எதிர்பார்த்தேன். அதே இடம்: 1072, சொன்னதையெல்லாம் சரிசெய்துவிட்டு மறுபடி வாருங்கள்.

நாலு எண்கள், ஒரே தப்பு, நாலும் அந்தத் தப்பு இருக்கும் இடத்தில் இல்லை. விட்டுப்போனது 214-இல். உள்ளே இருந்த இஃபுக்கு ஃபி இல்லாததால், அதற்கு வெளியே இருந்த இஃபின் ஃபி-யை அது எடுத்துக்கொண்டது. வெளி இஃப் அதற்கும் வெளியே இருந்ததிடமிருந்து பிடுங்கிக்கொண்டது. பந்தியில் ஒரு இலை குறைந்தால் எல்லோரும் ஒவ்வோர் இடம் நகர்ந்து, கடைசியில் வாசல் பக்கம் உட்கார்ந்தவருக்கு இலை இல்லாமல் போவது மாதிரி. ஷெல்செக் போய் வாசலில் இருப்பவரைக் கேள்வி கேட்கிறது.

இதுகூடப் பரவாயில்லை. என் கோபம் அடுத்ததில்தான். அந்த ஒரு தப்போடு அது மௌனமாகிவிடும். இலக்கணம் அல்லாத மற்றத் தப்புகளைச் சொல்லும் 2000 வரிசை எண்கள் ஒன்றுகூட வராது. இலக்கணம் முழுசாகப் புரிந்தால்தான் மற்றதைப் பார்ப்பேன் என்கிறது. எங்கள் கம்பெனியில் செக்கிங் டேபிளில் நிற்கும் அக்காக்களைப் பாருங்கள். ஒரு பீஸைக் கையில் எடுத்தால் ஓட்டைக்கு ஒரு ஸ்டிக்கர், கறைக்கு ஒன்று, தையல் விட்டதற்கு ஒன்று என்று ஒரே மூச்சில் ஒட்டிவிட்டுத்தான் அடுத்ததைத் தொடுவார்கள். முதல் ஓட்டையைப் பார்த்ததும் பீஸைக் கீழே போட்டுவிட்டு, "இதைத் தச்சுட்டு வாங்க, மிச்சத்தை அப்புறம் பாக்கறேன்" என்று சொல்லும் அக்காவை எந்த சூப்பர்வைசர் வைத்திருப்பார்? இத்தனைக்கும் இந்த வகைக் கருவிக்கு லின்ட் என்று பெயர் வந்ததே துணியில் ஒட்டும் பிசிறிலிருந்துதான். முதல் லின்ட், 1978-இல் பெல் லேப்ஸில் ஸ்டீபன் ஜான்சன் சி மொழிக்காக எழுதியது. திருப்பூர்க்காரனிடம் பிசிறைப் பற்றிப் பேசுவதாக இருந்தால் முழுசாகப் பேச வேண்டும்.

ஒரு சனிக்கிழமை, நாமே சரிசெய்துவிடலாம் என்று அதன் மூல நிரலைத் திறந்தேன். ஸ்கிரிப்டின் இலக்கணத்தைப் பிரித்துப் படிக்கும் பார்சர் கோப்பு மட்டும் 3,000 வரிக்கு மேல், அதுவும் ஹாஸ்கெல். பார்செக் என்ற நிரல் நூலகத்தை வைத்து ஹோலன் எழுதியிருக்கிறார். அதில் ஒரு துண்டு தோற்றால் மொத்தமும் தோற்றதுதான். தப்பைத் தாண்டிக் குதித்து அடுத்ததைத் தொடரும் ஏற்பாடு தனியாகக் கட்ட வேண்டும். ஷெல் மாதிரி ஒழுங்கில்லாத இலக்கணத்துக்கு அதைக் கட்டுவது லேசு இல்லை என்பது சாயங்காலத்துக்குள் எனக்கே புரிந்துவிட்டது. மூடிவைத்தேன். நியாயமாகச் சொன்னால், 214 என்று எனக்கு எப்படித் தெரிந்தது? வரி உள்தள்ளியிருப்பதைப் பார்த்துத்தான். ஷெல்லுக்கு உள்தள்ளலில் அக்கறை கிடையாது. அதைப் பொறுத்தவரை 38 என்ற பதில் சரிதான். ஆனால் மேற்கோளுக்கு மட்டும் அவ்வளவு மனுஷத்தனமாக யூகித்தாயே, ஃபி-க்கு என்ன வந்தது? இதுதான் என் கேள்வி. ஒரு விஷயத்தில் ஆசை காட்டியதால்தான் இவ்வளவு கோபம். எதுவுமே செய்யாத பாஷ் மேல் எனக்குக் கோபம் வருவதில்லை.

இப்போது வேறு வழியில் சமாளிக்கிறேன். எந்த ஸ்கிரிப்டையும் சின்னச் சின்ன ஃபங்ஷனாக உடைத்துவிடுகிறேன், இருபது முப்பது வரிக்கு மேல் போகாமல். ஃபங்ஷனின் மூடும் அடைப்பு வேலி மாதிரி நிற்கும். உள்ளே ஒரு ஃபி விட்டுப்போனால் பிடுங்கல் அந்த வேலியோடு நின்றுவிடும், ஷெல்செக்கும் அதற்குள்ளேயே விரலை நீட்டும். அந்தக் கூலி ஸ்கிரிப்ட் பழையது, இந்த வைத்தியம் பார்க்காதது. ஃபி-யைப் போட்டதும் அதுவரை வாயை மூடியிருந்த 43 எச்சரிக்கைகள் மளமளவென்று வந்தன.

பராமரிப்பு என்று பார்த்தால் பெரிய செலவில்லை, சில்லறைத் தொல்லைகள்தான். ஸ்கிரிப்டுகளைத் தானாகச் சோதிக்கும் பில்டில் ஷெல்செக்கின் புதிய பதிப்பு தானாக ஏறும்படி வைத்திருந்தேன். புதுப் பதிப்பு என்றால் புது விதிகளும் சேர்ந்து வரும். ஸ்கிரிப்டில் ஓர் எழுத்துகூட மாறாமல் பில்ட் சிவப்பாகிவிட்டது. அதிலிருந்து பதிப்பு எண்ணைக் கட்டிவைத்துவிட்டேன். அடிக்கடி வருவதும் இல்லை. 2022 டிசம்பரில் 0.9, அடுத்தது 0.10 வர 2024 மார்ச். 2019-இல் 0.7 வந்ததிலிருந்து ப்ராஜெக்டுக்கு ஓர் அமைப்புக் கோப்பு வைத்துக்கொள்ளலாம், எல்லா ஸ்கிரிப்டின் தலையிலும் ஒரே வரியை எழுத வேண்டியதில்லை. நான் அதில் அடைத்துவைத்திருப்பது ஒரே எண்: 1091. சர்வரில் மட்டும் இருக்கும் கான்ஃபிக் கோப்பை ஸ்கிரிப்ட் சேர்த்துக்கொள்ளும். என் லேப்டாப்பில் அந்தக் கோப்பு இல்லை என்பதற்காக ஒவ்வொரு முறையும் 'பின்தொடரவில்லை' என்று புகார் சொல்லும். யாரும் பின்தொடரச் சொல்லவில்லையே.

ஆக, தம்பிக்கு என்ன சொல்வது? மேலே எழுதியதைப் படித்தால் போடு என்றுதான் வர வேண்டும். ஆனால் யாரோ எழுதிய எழுபது ஸ்கிரிப்ட், புது இடம், முதல் மாதம். இதை அவிழ்த்துவிட்டால் அவன் வேறு வேலையே பார்க்க முடியாது. போடாதே என்றே அனுப்பினேன். ஆறு மாதம் போகட்டும், புதிதாக எழுதுவதற்கு மட்டும் வை, பழையதைத் தொடாதே.

பத்து நிமிஷத்தில் பதில் வந்தது. "நேத்தே போட்டுட்டனுங்ணா. 1,312 வருது. எதுல ஆரம்பிக்கிறது?"

எண் ஒன்றில் தொடங்குவதெல்லாம் இலக்கணப் பிழை, அதை முதலில் முடி, இரண்டில் தொடங்குவதை அப்புறம் பார்க்கலாம் என்று போட்டேன். அனுப்பியதும் ஞாபகம் வந்து இன்னொன்றும் போட்டேன். 1091-ஐ விட்டுவிடு.