த்யாத்லவ் கணவாய்: கூடாரத்தின் மேல் சரிந்த பனியா, பள்ளத்தில் இடிந்த பனிக்கூரையா?

1959 பிப்ரவரி 1 இரவு ரஷ்யாவின் வடக்கு யூரல் மலைத்தொடரில், ஹோலாத் சியாஹில் என்ற மலையின் சரிவில் கூடாரம் அடித்த ஒன்பது பேரில் ஒருவரும் உயிரோடு திரும்பவில்லை. இகோர் த்யாத்லவ் தலைமையில் போன மலைப்பயணக் குழு அது. இந்த மரணங்களுக்குச் சொல்லப்பட்ட காரணங்களில் பொருட்படுத்தத் தக்கவை இரண்டு. இரண்டிலும் கொன்றது பனிதான். எந்த இடத்தில், இரவின் எந்தக் கட்டத்தில் என்பதில்தான் வேறுபாடு.

முதலில் காயங்களைப் பார்ப்போம். கூடாரத்திலிருந்து சுமார் ஒன்றரை கிலோமீட்டர் கீழே, ஒரு பெரிய பைன் மரத்தடியில் இருவரும், மரத்துக்கும் கூடாரத்துக்கும் இடையே மூவரும் குளிரில் இறந்துகிடந்தார்கள். மரத்திலிருந்து 75 மீட்டர் தள்ளி, ஓடை ஓடும் பள்ளத்தில் புதைந்திருந்த நால்வரை மே மாதத்தில்தான் கண்டுபிடித்தார்கள். உயிர் போகும் அளவுக்கு எலும்பு முறிந்தவர்கள் மூவர். மூவரும் இந்தப் பள்ளத்தில் கிடந்தவர்களே. லுத்மிலா துபினினாவுக்கு இரு பக்கமும், செம்யோன் ஸொலதார்யோவுக்கு வலப்பக்கமும் விலா எலும்புகள் நொறுங்கியிருந்தன. நிக்கோலாய் திபோவுக்கு மண்டையோடு உடைந்திருந்தது.

பனிச்சரிவுத் தரப்பை வலுவாக முன்வைத்தவர்கள் சுவிட்சர்லாந்தில் பணியாற்றிய யோஹான் கோம், அலெக்சாண்டர் புஸ்ரின். 2021-இல் வந்த அவர்கள் ஆய்வின்படி, கூடாரத்துக்காகச் சரிவை வெட்டிச் சமன் செய்தபோது மேலிருந்த பனிக்குத் தாங்கு போனது. இரவுக் காற்று மேலும் பனியைக் கொண்டுவந்து குவித்தது. வெட்டிய 7.5 முதல் 13.5 மணி நேரத்துக்குப் பிறகு பலகைபோல் இறுகிய ஒரு சின்னப் பனிப்பாளம் பெயர்ந்து, பனிச்சறுக்குக் கட்டைகளின் மேல் விரித்த படுக்கையில் இருந்தவர்கள் மீது விழுந்தது. கூடாரம் உள்ளிருந்து கிழிக்கப்பட்டதற்கும், காலணிகூட இல்லாமல் வெளியேறியதற்கும் இது நல்ல பதில். மூன்று வாரக் காற்றில் அவ்வளவு சிறிய சரிவின் தடம் அழிந்துபோவதும் இயல்பே.

ஆனால் காயங்களும் அங்கேயே பட்டவை என்றால் இடிக்கிறது. கீழே இறங்கிய தடங்கள் நடந்தவர்களுடையவை; யாரையும் இழுத்துச் சென்றதற்கான அடையாளம் இல்லை. விலா இரு பக்கமும் உடைந்தவர் மூச்சு விடுவதே பெரும்பாடு. பிரேதப் பரிசோதனை செய்த போரிஸ் வொஸ்ரஷ்தேன்னி, துபினினா காயத்துக்குப் பிறகு 10 முதல் 20 நிமிடம்தான் உயிரோடு இருந்திருப்பார் என்று கணித்தார். துபினினாவின் காலிலோ, மரத்தடியில் இறந்த நண்பரின் உடையிலிருந்து கிழித்த துணி சுற்றியிருந்தது. அப்படியானால் காயம் அதற்குப் பிறகுதான் பட்டிருக்க வேண்டும்.

பள்ளத்துத் தரப்பு இங்கிருந்துதான் தொடங்குகிறது. காற்றடிக்கும் சரிவின் கீழே உள்ள பள்ளம், பனி சேரும் இடம். அடியில் ஓடை ஓடினால் நீர் பனியைக் கீழிருந்து அரித்துக்கொண்டே போகும். மேலே கெட்டியாகத் தெரிவது, கீழே வெறும் பாலமாக நிற்கும். காற்றிலிருந்து ஒதுங்க அங்கே மண்வெட்டி இல்லாமல், விறைத்த கைகளால் பனிக்குகை தோண்டினால் கூரை தட்டையாகத்தான் வரும். பனிக்குகையின் கூரை வளைவாகவும், குறைந்தது 30 செ.மீ. தடிப்பாகவும் இருக்க வேண்டும். இரண்டடி இருந்தால் நல்லது. தட்டைக் கூரை தன் எடையிலேயே தொய்யும், உடல் சூட்டில் இன்னும் வேகமாக. மேலே ஒருவர் நடந்தாலும் போதும், இடிந்துவிடும்.

எடையைப் போட்டுப் பாருங்கள். காற்றில் இறுகிய பனி கன மீட்டருக்கு 350 முதல் 400 கிலோ. இரண்டு மீட்டர் நீளம், இரண்டு மீட்டர் அகலம், ஒரு மீட்டர் தடிப்பு என்றால் ஏறத்தாழ ஒன்றரை டன். கீழே ஓடைக் கல். நெஞ்சின் மேல் பரவலாக இறங்கும் பளு, விலாவை முறித்தாலும் தோலில் பெரிய காயம் காட்டாது. தலை கல்லில் அழுந்தினால் மண்டையோடு உடையும். நான்காமவரான கொலேவாத்தவுக்கு இத்தகைய முறிவு இல்லாததும் பொருந்துகிறது: இடிபாட்டின் ஓரத்தில் இருந்தவர் குளிரில் இறந்திருப்பார்.

இந்தத் தரப்பிலும் ஓட்டைகள் உண்டு. மரக்கிளைகளை அடுக்கி, மேலே துணி போட்ட இருக்கைத் தளம் பள்ளத்திலேயே கிடைத்தது. ஆனால் உடல்கள் அதன் மேல் இல்லை, சில மீட்டர் தள்ளி ஓடையில் கிடந்தன. ஆகவே அவர்கள் உட்கார்ந்த குழியின் கூரை விழுந்தது என்பதைவிட, பக்கத்தில் பனிப்பாலம் உடைந்து உள்ளே விழுந்து, விளிம்பும் மேலே சரிந்தது என்பதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. கூடாரத்தை ஏன் விட்டார்கள் என்பதற்கும் பள்ளத்தில் பதில் இல்லை. அதற்குச் சின்னப் பனிச்சரிவு, அல்லது வரப்போகிறது என்ற பயம், வேண்டும்.

இரண்டையும் இப்படிச் சேர்த்தால் பெரும்பாலானவை விளங்கிவிடுகின்றன. எஞ்சுவது ருஸ்தெம் ஸ்லோபோதின். அவர் மண்டையோட்டிலும் ஒரு விரிசல் இருந்தது. கிடந்ததோ திறந்த சரிவில், பள்ளத்துக்கு வெகு மேலே. விறைத்த நிலையில் கல்லில் விழுந்ததால் வந்ததா, கூடாரத்திலேயே அடிபட்டதா என்பதை இந்த இரண்டு தரப்பாலும் உறுதியாகச் சொல்ல முடியாது.