நியூயோரிக்கன் சோல் சிடி: சாம்பிள்ல இருந்தவங்களை ஸ்டுடியோவுக்கே கூட்டிட்டு வந்த ஆல்பம்

போன மாசம் நியூயோரிக்கன் சோல் ஆல்பத்தோட சிடியை செகண்ட் ஹேண்ட்ல வாங்கினேன். 1997ல வந்த ஆல்பம். இதுல இருக்கிற பாட்டுங்களை போன்ல அங்கொண்ணும் இங்கொண்ணுமா பல வருஷமா கேட்டிருக்கேன், ஆனா ஆரம்பத்துல இருந்து கடைசி வரைக்கும் எழுந்திரிக்காம, நல்ல ஸ்பீக்கர்ல, சவுண்டை கொஞ்சம் தூக்கி வெச்சு கேட்டது இதான் முதல் தடவை, முடிஞ்சப்புறம் ரொம்ப நேரம் வேற எதுவும் போட மனசு வரல. அதான் எழுத உட்கார்ந்துட்டேன்.

முதல்ல இது யாரோடதுன்னு சொல்லிடறேன். அட்டைல நியூயோரிக்கன் சோல்னு இருந்தாலும் இதைப் பண்ணது மாஸ்டர்ஸ் அட் வொர்க்னு ரெண்டு பேர், லூயி வேகா, கென்னி "டோப்" கொன்சாலெஸ். நியூயார்க்ல வாழற போர்ட்டோ ரிக்கோ வம்சாவளிக்காரங்களை நியூயோரிக்கன்னு சொல்வாங்க, இவங்க ரெண்டு பேரும் அந்த ஆளுங்கதான். லூயி பிராங்க்ஸ் பையன். அப்பா சாக்ஸஃபோன் வாசிக்கிறவர், தாய்மாமன் எக்டர் லாவோ, சல்சா கேக்கறவங்களுக்கு அந்தப் பேருக்கு மேல ஒண்ணும் சொல்ல வேண்டாம், ஃபேனியாங்கிற சல்சா ரெக்கார்டு கம்பெனியோட பெரிய குரல்கள்ல ஒருத்தர். அப்படி ஒரு வீட்ல வளர்ந்துட்டு லூயி 80கள்ல கிளப் டிஜேவா போறார். கென்னி புரூக்ளின், அஞ்சு வயசு சின்னவர், ஹிப் ஹாப் கேட்டு வளர்ந்தவர், ரெக்கார்டு கடைல வேலை பாத்துட்டே தெரு பார்ட்டிகளுக்கு டிஜே பண்ணிட்டு இருந்தவர். மாஸ்டர்ஸ் அட் வொர்க்ங்கிற பேரே முதல்ல கென்னியோட பார்ட்டி செட்டுக்கு வெச்ச பேர்தான், அதை டாட் டெர்ரிங்கிற இன்னொரு புரொட்யூசர் தன்னோட ரெக்கார்டுக்கு கொஞ்ச நாள் இரவல் வாங்கிக்கிட்டார். அந்த டாட் டெர்ரிதான் கென்னியை லூயிகிட்ட அறிமுகப்படுத்தி வெச்சார். அது 1990 வாக்குல.

இவங்க வேலையை புரிஞ்சுக்க அப்ப ரீமிக்ஸ்னா என்னன்னு தெரியணும். பாட்டு கம்பெனி டேப்பை குடுக்கும், பெரும்பாலானவங்க முன்னாடி ஒரு நிமிஷம் பின்னாடி ஒரு நிமிஷம் டிரம்ஸ் சேர்த்து நீட்டி குடுத்துடுவாங்க, டிஜேக்கு ஒரு பாட்டுல இருந்து அடுத்ததுக்கு போக வசதியா இருக்கும், அவ்ளோதான். இவங்க பாடகரோட குரலை மட்டும் வெச்சுக்கிட்டு கீழ இருக்கிற எல்லாத்தையும் எடுத்துட்டு கார்டு (chord, ஒண்ணா சேர்ந்து ஒலிக்கிற சுரங்க), பேஸ், டிரம்ஸ் எல்லாம் புதுசா போடுவாங்க, அதாவது அதே பாட்டுக்கு இன்னொருத்தர் மியூசிக் போட்டா எப்படி இருக்கும்கிற மாதிரி. அது முழுப்பாட்டு வெர்ஷன். அதோட நிக்காம டப்னு இன்னொண்ணு பண்ணுவாங்க, அதுல பாட்டே இருக்காது, குரல்ல இருந்து ஒரு சின்ன துண்டு, ஒரு மூச்சு, ஒரு அசை, அதை வெச்சே ஒரு தனி டிராக் கட்டிடுவாங்க. செயின்ட் எட்டியென்ங்கிற லண்டன் பேண்டு நீல் யங் பாட்டு ஒண்ணை எடுத்து பாடினாங்க, அதுக்கு இவங்க பண்ண டப்பை கேட்டுட்டு ஒரிஜினலைக் கேட்டா ரெண்டுக்கும் சொந்தம் இருக்குன்னே நம்ப முடியாது. மடோனாவோட 1992 எராட்டிக்காவுக்கும் இவங்க டப் இருக்கு. டிஜேக்கள் ரெக்கார்டைத் திருப்பிப் பாத்து மாஸ்டர்ஸ் அட் வொர்க் டப்னு எழுதியிருந்தா பாடறது யாருன்னு கூட பாக்காம வாங்கற நிலைமை வந்துச்சு.

1991ல இவங்க போட்ட ஹா டான்ஸ் பத்தி சொல்லாம நகர முடியாது. 1983ல வந்த டிரேடிங் பிளேசஸ் படத்துல ட்ரெயின் சீன்ல இருந்து ஒரு சத்தத்தை எடுத்து, நாலு பீட்டுக்கு ஒரு தடவை டமார்னு விழற மாதிரி வெச்சாங்க. நியூயார்க்ல கறுப்பின, லத்தீனோ திருநங்கைகளும் கே மக்களும் நடத்தற பால்ரூம் போட்டிகள்ல வோக்ங்கிற ஆட்டம் ஆடறவங்க அதை எடுத்துக்கிட்டாங்க, ஆடிட்டே இருந்து அந்த டமாருக்கு சரியா தரைல விழறது, போஸ் குடுக்கறது, இன்னிக்கு வரைக்கும் அந்த ஆட்டத்தோட தாளமே அதுதான். முப்பது வருஷத்துக்கு மேல ஆச்சு, இன்னும் அதே சத்தத்தை வெட்டி ஒட்டிதான் புது டிராக் வருது.

ரெண்டு பேருக்கும் வேலை எப்படி பிரிஞ்சிருந்துச்சுன்னு தெரிஞ்சா இந்த சிடி இன்னும் நல்லா புரியும். கென்னி கைல எஸ்பி-1200ன்னு ஒரு மெஷின். 1987ல வந்த சாம்பிளர், அதாவது ரெக்கார்டுல இருந்து ஒரு சத்தத்துண்டை (அதான் சாம்பிள்) புடிச்சு வெச்சு திரும்ப வாசிக்கிற மெஷின், மொத்தமே பத்து செகண்டுதான் சத்தம் புடிக்கும். பத்து செகண்டுல என்ன பண்றது? அதனால 33 ஸ்பீடு ரெக்கார்டை 45ல ஓட்டி வேகமா பதிவு பண்ணி, மெஷின்ல மறுபடி ஸ்லோ பண்ணுவாங்க, இடம் மிச்சமாகும். அப்படி பண்ணும்போது சத்தம் கொஞ்சம் கரகரன்னு தடிச்சு வரும், டிரம்ஸ்க்கு ஒரு எடை வந்துடும், கென்னியோட டிரம்ஸ்ல நெஞ்சுல குத்தற அந்த எடை அங்கிருந்து வந்தது. லூயி பக்கம் கீபோர்டு, கார்டு, மெலடி, பாடறவங்க, பேண்டு. கென்னி தனியா பக்கெட்ஹெட்ஸ்ங்கிற பேர்ல பண்ண தி பாம், சிகாகோ பேண்டோட 1979 பாட்டுல இருந்து ஒரு துண்டை எடுத்து சுத்த விட்டதுதான், 1995ல இங்கிலாந்து சார்ட்ல 5வது இடம் வரைக்கும் போச்சு. ஒரு துண்டை வெச்சு ஊரையே ஆட வெக்க முடியும்னு காட்டியாச்சு, பணமும் பேரும் வந்தாச்சு, அதையே இன்னும் பத்து தடவை பண்ணிட்டு நிம்மதியா இருந்திருக்கலாம்.

ஆனா நியூயோரிக்கன் சோல்ல இவங்க பண்ணது வேற. யாரோட ரெக்கார்டுகளைக் கேட்டு வளர்ந்தாங்களோ, எந்தத் தலைமுறையோட சத்தத்தை எல்லாரும் துண்டு துண்டா வெட்டி சாம்பிளர்ல போட்டுட்டு இருந்தாங்களோ, அந்தப் பெரியவங்களையே நேர்ல கூப்பிட்டு உட்கார வெச்சு வாசிக்க வெச்சாங்க. டிம்பாலேங்கிற லத்தீன் டிரம்ஸ்க்கு டிட்டோ புவென்டே, கிடாருக்கு ஜார்ஜ் பென்சன், வைப்ரஃபோனுக்கு (வைப்ஸ்னும் சொல்வாங்க, உலோகப் பட்டைங்களைத் தட்டி வாசிக்கிறது) ராய் ஏயர்ஸ், பாட ஜாஸ்லின் பிரவுன். அதுக்கு முன்னாடியே 1994ல ரிவர் ஓஷன்ங்கிற பேர்ல ஒரு பாட்டு பண்ணப்போ புவென்டே வந்து வாசிச்சிருந்தார், யெமாயா, ஓச்சூன்னு கடலுக்கும் ஆத்துக்கும் உள்ள, மேற்கு ஆப்பிரிக்க யொருபா மக்களோட தெய்வங்களை கூப்பிடற பாட்டு அது. இந்த ஆல்பத்தோட விதை அங்கதான்னு நான் நினைக்கிறேன்.

சிடிக்கு வரேன். என்னை மொத்தமா சாய்ச்சது ரன்அவே. 1977ல சால்சோல் ஆர்கெஸ்ட்ரா வாசிச்சு லொலியாட்டா ஹாலோவே பாடின டிஸ்கோ பாட்டு. இங்க பாடறது இந்தியா, பேரு மட்டும்தான் இந்தியா, நம்ம நாட்டுக்கும் அவங்களுக்கும் சம்பந்தம் இல்ல, போர்ட்டோ ரிக்கோல பிறந்து பிராங்க்ஸ்ல வளர்ந்த பாடகி. ஹாலோவே பாடின பாட்டை எடுத்துப் பாடறதுக்கே ஒரு தைரியம் வேணும். அதுக்கும் மேல, ஒரிஜினல் ஆர்கெஸ்ட்ராவை நடத்தின வின்சென்ட் மொண்டானாவையே கூப்பிட்டு வந்திருக்காங்க, இருபது வருஷம் கழிச்சு அதே மனுஷன் அதே பாட்டுக்கு. கீழ கென்னியோட டிரம்ஸ் 97ம் வருஷத்து எடையோட ஓடுது, மேல வயலினும் வைப்ஸும் 77ல இருந்து வருது, நடுவுல இந்தியா குரலை விட்டு ஏத்தறாங்க. இந்தப் பாட்டை நல்ல பேஸ் வர்ற ஸ்பீக்கர்ல கேளுங்க தயவுசெஞ்சு, போன் ஸ்பீக்கர்ல கேட்டா பாதி பாட்டு காணாம போயிடும்.

அடுத்து நெர்வஸ் டிராக். இது 1993ல நெர்வஸ் ரெக்கார்ட்ஸ்ல தனி ரெக்கார்டா வந்தது, நியூயோரிக்கன் சோல்ங்கிற பேர் முதல்ல வந்தது இந்த ரெக்கார்டுலதான். ஹவுஸ்னு சொல்ற கிளப் டான்ஸ் மியூசிக்னா நாலு பீட்டும் டும் டும் டும் டும்னு ஒரே சீரா அடிக்கும், அதான் வழக்கம். இதுல கிக், அதாவது காலால மிதிக்கிற பெரிய டிரம், நாம எதிர்பாக்கிற இடத்துல விழாது, ஜாஸ் டிரம்மர் மாதிரி உடைஞ்சு உடைஞ்சு வரும், ஆனா கால் மட்டும் சரியா தாளம் போடும், எப்படின்னு எத்தனை தடவை கேட்டாலும் எனக்கு ஆச்சரியம்தான். சல்சால கிளாவேன்னு ஒண்ணு இருக்கு, ரெண்டு கட்டைய தட்டற தாளம், ஒரு பாதில மூணு தட்டு இன்னொரு பாதில ரெண்டு, யாரும் வாசிக்காட்டியும் எல்லார் மனசுலயும் அது ஓடிட்டே இருக்கும், நம்ம கச்சேரில பாடறவர் தாளத்தை விட்டு எங்கயோ போனாலும் தொடைல கை போட்டுட்டே இருக்குமே அந்த மாதிரி. லூயி வீட்ல அது சின்ன வயசுலயே ஏறியிருக்கும். லண்டன்ல அப்புறமா புரோக்கன் பீட்னு ஒரு வகையே கிளம்புச்சு, அதுக்கு இந்த டிராக்கை ஒரு மூதாதையா சொல்றாங்க.

ராய் ஏயர்ஸ் தன்னோட பழைய பாட்டு ஸ்வீட் டியர்ஸை மறுபடி பாடியிருக்கார், 2025 மார்ச்ல அவர் காலமானதுக்கு அப்புறம் அதைக் கேக்கறப்போ தொண்டை அடைக்குது. ஜாஸ்லின் பிரவுன் பாடற பிளாக் கோல்டு ஆஃப் தி சன், ரோட்டரி கனெக்ஷன் 1971ல பாடின பாட்டு, கோரஸ் ஏறற இடத்துல அறையே பெருசாகற மாதிரி இருக்கும். அதை 4ஹீரோங்கிற லண்டன்காரங்க ரீமிக்ஸ் பண்ணி இன்னொரு உயரத்துக்கு கொண்டு போனாங்க, ஊருக்கெல்லாம் ரீமிக்ஸ் பண்ணவங்களுக்கே ஒரு ரீமிக்ஸ், அதையும் தேடிக் கேளுங்க.

குறைன்னா, இருக்கு. ஜார்ஜ் பென்சன் பாட்டு நல்லாத்தான் இருக்கு, அவர் விரலும் குரலும் ஒண்ணா ஓடற அழகு தனி, ஆனா எனக்கு ஒரு கட்டத்துக்கு மேல இழுவையா தோணுச்சு, கிளப்புக்கு அது சரி, வீட்ல உட்கார்ந்து கேக்கறவனுக்கு பொறுமை வேணும். ஆல்பம் மொத்தமுமே ஒரே மூடுல போகாது, டான்ஸ், ஜாஸ், லத்தீன், சோல்னு மாறிட்டே இருக்கும். ஜிம்ல ஓட, பார்ட்டில போட்டு விட்டு மறந்துட ஒரு சிடி வேணும்னா இது வேண்டாம், அதுக்கு இவங்க ஹவுஸ் டிராக்குகளோட தொகுப்பு பிபிஇ கம்பெனி 2000த்துல பத்தாவது வருஷக் கொண்டாட்டமா போட்டது இருக்கு, நாலு சிடி, 2014ல டிஃபெக்டட் கம்பெனி போட்டதும் இருக்கு. ஹார்டிரைவ்ங்கிற பேர்ல 1993ல பண்ண டீப் இன்சைடு மாதிரி சமாச்சாரங்களுக்கு அந்தப் பக்கம் போங்க, கான்யே வெஸ்ட் 2016ல ஃபேடுங்கிற பாட்டுல சாம்பிள் பண்ணது இதைத்தான்.

வாங்கறவங்களுக்கு ஒண்ணு. நான் ஆன்லைன்ல முதல்ல ஒரு ஆள்கிட்ட வாங்கின காப்பி, நல்ல கண்டிஷன்னு போட்டிருந்தார், வந்தது பார்த்தா டிஸ்க் முழுக்க கீறல், ரன்அவே நடுவுலயே சிக்கிக்கிட்டு நின்னுடுச்சு, பணத்தை திரும்ப வாங்க மூணு வாரம் ஆச்சு. ரெண்டாவது வாங்கின காப்பி சுத்தமா இருக்கு. அதனால டிஸ்கோட அடிப்பக்கம் போட்டோ கேளுங்க, உள்ள இருக்கிற புக்லெட்டும் சேர்ந்து வருதான்னு கேளுங்க, இந்த ஆல்பத்துக்கு யார் என்ன வாசிச்சாங்கன்னு பாத்துட்டே கேக்கறதுல பாதி சந்தோஷம் இருக்கு.

கைக்கு வந்ததும் வரிசையா கேக்காம முதல்ல நெர்வஸ் டிராக் போடுங்க, அப்புறம் ரன்அவே. நடுவுல முடிஞ்சா 1977 ரன்அவேவையும் ஒரு தடவை கேட்டுட்டு வாங்க. மொண்டானா 2013ல போயிட்டார், புவென்டே 2000த்துல. ரெண்டு பேர் வாசிப்பும் இந்த சிடில இருக்கு.