குன்னூரில் நாலு சேனல் ரெக்கார்டு வாங்கப் போகிறவர்கள் கவனத்துக்கு

போன மாதம் குன்னூரில் பழைய சாமான் விற்கும் ஒருவரிடம் ஏழு குவாட்ராஃபோனிக் ரெக்கார்டு (நாலு ஸ்பீக்கரில் தனித்தனியாகப் பாடும் நாலு சேனல் தட்டு) வாங்கினேன். ஒன்று 2,500 ரூபாய், மொத்தம் 17,500. ஏழில் ஒன்றுகூட நாலு ஸ்பீக்கரில் பாடவில்லை. கோவையிலிருந்து இரண்டு பேர் அவரிடம் பேசிக்கொண்டிருப்பதாகக் கேள்விப்பட்டேன். அதனால்தான் எழுதுகிறேன்.

“எஸ்டேட் பங்களாவைக் காலி பண்ணினப்ப வந்தது சார். துரை ஒரு தடவை போட்டிருந்தாலே அதிகம்” என்றார் விற்றவர். பிளைவுட் தேயிலைப் பெட்டிக்குள் அடுக்கியிருந்தார். அட்டையில் ‘குவாட்ராடிஸ்க்’ என்று, ஆர்.சி.ஏ. கம்பெனி தன் நாலு சேனல் தட்டுக்கு வைத்த பெயர் இருந்தது, தட்டு பளபளவென்று மின்னியது. தன் டர்ன்டேபிளில் ஒன்றைப் போட்டும் காட்டினார். இரண்டு ஸ்பீக்கரில் கீறல் சத்தமே இல்லாமல் பாடியது. அதை நம்பித்தான் பணம் கொடுத்தேன்.

நம்பியிருக்கக் கூடாது. இவை சி.டி.-4 என்ற நாலு சேனல் முறைத் தட்டுகள், 1970களின் தொடக்கத்தில் ஜப்பானின் ஜே.வி.சி. கம்பெனி கொண்டுவந்தது. முன் ஸ்பீக்கருக்கும் பின் ஸ்பீக்கருக்கும் போகவேண்டிய ஒலி இரண்டையும் கூட்டி, காதுக்குக் கேட்கிற அதிர்வெண்ணிலேயே பதித்திருப்பார்கள். அதைத் திரும்பப் பிரிப்பதற்கான சங்கதி மட்டும் 30 கிலோஹெர்ட்ஸ் கேரியரில் (சுமந்துபோகும் அலையில்) ஏறி, 45 கிலோஹெர்ட்ஸ் வரை போகும். அது காதுக்கு எட்டாது. ஷிபாட்டா போன்ற தனி வடிவ முனை கொண்ட ஊசிதான் அதை எடுக்கும், டீமாடுலேட்டர் என்ற கருவிதான் நாலு சேனலாகப் பிரிக்கும். சாதாரண உருண்டை முனை ஊசியை, அதுவும் பழைய பிளேயர்களின் கனத்தோடு, திரும்பத் திரும்ப ஓட்டினால் முதலில் தேய்ந்துபோவது அந்த நுண்ணிய நெளிவுகள்தான். பாட்டு அப்படியே இருக்கும், நாலு சேனல் போயிருக்கும். கடையில் ஸ்டீரியோவில் கேட்டு இதைக் கண்டுபிடிக்கவே முடியாது. (எஸ்.க்யூ., க்யூ.எஸ். என்ற வேறு நாலு சேனல் முறைத் தட்டுகளில் நாலையும் கேட்கும் எல்லைக்குள்ளேயே இரண்டு சேனலில் அடக்கியிருப்பதால் இந்தச் சிக்கல் இல்லை.)

வீட்டில் போட்டபோது டீமாடுலேட்டரில் கேரியர் கிடைத்தால் எரியும் ரேடார் விளக்கு எரியவில்லை. ஒரு தட்டில் மட்டும் விட்டுவிட்டு எரிந்தது, கூடவே உப்புத்தாள் தேய்ப்பது போன்ற சத்தம். முதலில் என் செட்டைத்தான் சந்தேகப்பட்டேன். வயரில் கெப்பாசிட்டன்ஸ் (மின்தேக்கம்) கூடினால் கேரியர் மங்கிவிடும் என்பதால் வயரை மாற்றினேன், ஊசி பொருத்திய காட்ரிட்ஜைக் கழற்றித் திரும்ப மாட்டினேன். இரண்டு வாரம் போச்சு. கடைசியில் கோத்தகிரி நண்பர் தன்னிடமிருந்த நல்ல சி.டி.-4 தட்டைக் கொண்டுவந்து போட்டார். ஊசி வைத்ததுமே விளக்கு நின்று எரிந்தது.

ஐந்து தட்டு இப்படித் தேய்ந்தவை. மீதி இரண்டைப் பார்த்தபோதுதான் எனக்கு நிஜமாகவே கோபம் வந்தது. ஆர்.சி.ஏ.வின் குவாட்ராடிஸ்க் எண் ஏ.பி.டி.1 என்று தொடங்கும், அதே ஆல்பத்தின் ஸ்டீரியோ பதிப்பு ஏ.பி.எல்.1. அட்டையில் ஏ.பி.டி., உள்ளே தட்டின் லேபிளில் ஏ.பி.எல்.! அட்டை ஒன்று, தட்டு ஒன்று. அந்தப் பளபளப்பும் ஏதோ பாலிஷ்தான். கழுவியதும் பள்ளங்களில் வெள்ளைப் புள்ளிகளாகப் பூசணம் தெரிந்தது. நம்ம மலை ஈரத்தில் பூசணம் பிடிப்பது சகஜம், அதை நான் குறை சொல்லவில்லை. மறைத்து விற்றதைத்தான் சொல்கிறேன்.

திருப்பிக் கொண்டுபோனேன். “பாடுதில்ல சார், வேற என்ன வேணும்?” என்றார். லேபிளைக் காட்டியதும், வந்தபடியே கொடுத்தேன் என்றார். அதற்குப் பிறகு போனை எடுப்பதில்லை.

யாராவது போவதாக இருந்தால், அட்டையை விட்டுவிட்டுத் தட்டின் லேபிளில் எண்ணைப் பாருங்கள். உங்கள் டீமாடுலேட்டரில் விளக்கு எரியாவிட்டால் பணம் திரும்ப வேண்டும் என்று பில்லிலேயே எழுதி வாங்குங்கள். மறுத்தால் ஸ்டீரியோ தட்டு விலைக்கு மேல் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். அந்தத் தேயிலைப் பெட்டியில் நான் எடுத்தது போக இன்னும் இருபது தட்டாவது இருந்தது.