ஒன்பது வருஷம் இத்தாலியன் மார்பிள் மேல் நடந்த பிறகு

தக்கலைக்குப் பக்கத்தில் 2016-ல் வீடு கட்டினேன். ஹால், இரண்டு படுக்கையறை, பூஜை அறை, முன்வாசல் படி இவ்வளவுக்கும் இத்தாலியன் மார்பிள். வாங்கும்போது ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள். போட்டபின் எப்படி இருக்கும் என்று சொல்லத்தான் ஆள் இல்லை, எங்கள் பக்கம் அப்போது போட்டவர்களே குறைவு. இப்போது வீடு கட்டுகிறவர்கள் வந்து தரையைத் தடவிப் பார்த்துவிட்டு, "எப்படி, கொள்ளாமா?" என்று கேட்கிறார்கள். வாயால் சொல்லி அலுத்துவிட்டது, எழுதியே வைத்துவிடுகிறேன்.

இந்த ஆசை வந்த கதையை முதலில் சொல்லிவிட வேண்டும். நான் கப்பலில் எஞ்சின் ரூமில் வேலை பார்த்தவன். ஒருமுறை இத்தாலியில் மரினா தி கர்ராரா துறைமுகத்தில் கப்பல் நின்றது. டெக்கில் நின்று பார்த்தால் தூரத்து மலையெல்லாம் பனி கொட்டிக் கிடப்பதுபோல் வெள்ளை. ஜூலை மாசம், சட்டை முதுகில் ஒட்டுகிறது, பனி எங்கிருந்து வரும்? விசாரித்தால், கல் வெட்டிய இடமும் அதில் சரிந்த கழிவும்தானாம். அபுவான் ஆல்ப்ஸ் மலை அது. ரோமர் காலத்தில் இருந்து, இரண்டாயிரம் வருஷமாக வெட்டுகிறார்கள், இன்னும் தீரவில்லை. மைக்கலாஞ்சலோ 1504-ல் முடித்த தாவீது சிலையின் கல்லும் இங்கே வெட்டியதுதான்.

மறுநாள் கிடைத்த லீவில் ஃபான்டிஸ்கிரித்தி என்கிற குவாரிப் பக்கம் வண்டி பிடித்துப் போனேன். நமக்குக் குவாரி என்றால் என்ன தெரியும்? துளை போடு, வெடி வை, ஓடு. கல்குளம், விளவங்கோடு பக்கம் வளர்ந்தவனுக்கு மத்தியானத்தில் ஜன்னல் அதிர்வது புதிதல்ல. நமக்கு வேண்டியது ஜல்லி, அதனால் பாறை எப்படிச் சிதறினாலும் சரி. அங்கே நேர் எதிர். வெடி வைத்தால் கல்லுக்குள் கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு ஓடிவிடும், ஸ்லாப் அறுக்கும்போது துண்டு துண்டாகப் போகும். ஒரு காலத்தில் அவர்களும் கருமருந்து வைத்து மலையைச் சரித்தவர்கள்தான். அதில் பாதி மலை கழிவாகவே போனது என்று அந்த ஊர்க்காரர் ஒருவர் வருத்தத்தோடு சொன்னார்.

இப்போது கம்பியால் அறுக்கிறார்கள். மேலிருந்து ஒரு துளை, பக்கவாட்டில் இருந்து ஒரு துளை, இரண்டும் பாறைக்குள்ளே சந்திக்க வேண்டும். அதற்குள் இரும்புக் கம்பியைக் கோத்து, இரண்டு நுனியையும் சேர்த்து மாலையாக்கி, மிஷினில் மாட்டிச் சுற்ற விடுகிறார்கள். கம்பியில் உருத்திராட்சம் கோத்த மாதிரி வரிசையாக மணிகள், ஒவ்வொரு மணியிலும் வைரத்தூள். தண்ணீர் விட்டுக்கொண்டே இருக்கிறார்கள், மிஷின் தண்டவாளத்தில் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் நகர்கிறது. சத்தம் பெரிதாக இல்லை, பால்போல வெள்ளைத் தண்ணீர் வழிந்துகொண்டே இருக்கிறது. அறுத்து முடிந்ததும் மலையில் இருந்து ஒரு சுவரே பிரிகிறது. கீழே கல்பொடியும் துண்டுகளும் கொட்டி மெத்தை போட்டு வைத்திருப்பார்கள், அந்தச் சுவரை அதன்மேல்தான் சாய்க்கிறார்கள். பிறகு அதை 20 டன் அளவுக்குப் பாளம் பாளமாக அறுத்து லாரியில் ஏற்றுகிறார்கள். லாரி வருவதற்கு முன்பு, சோப்புத் தடவிய மரக்கட்டைகள் மேல் பாளத்தை வைத்து, கயிறு கட்டி, அங்குலம் அங்குலமாக மலையில் இருந்து இறக்கினார்களாம். கயிறு அறுந்தால் முன்னால் நிற்கிறவன் கதை முடிந்தது. வெட்டுகிறதில் பெரும்பகுதி ஸ்லாப் ஆவதே இல்லை என்பது இன்னொரு விஷயம். பொடியாக்கிக் காகிதத்துக்கும் பற்பசைக்கும் அனுப்பிவிடுகிறார்கள்.

பக்கத்தில் கொலோன்னாத்தா என்று ஒரு ஊர். அங்கே பன்றிக் கொழுப்பை உப்பும் மசாலாவும் போட்டு, மார்பிள் தொட்டியில் ஆறு மாசம் மூடி வைத்துச் சாப்பிடுகிறார்கள். உப்பையும் கொழுப்பையும் தாங்குகிற கல் எதையும் தாங்கும் என்று அப்போது நினைத்தேன். எங்கள் வீட்டுக் குடம்புளி பற்றி அப்போது யோசிக்கவில்லை.

சரி, வாங்கிய கதைக்கு வருகிறேன். நம் ஊர்க் கடைகளில் "இத்தாலியன்" என்றால் வெளிநாட்டுக் கல் என்று மட்டும்தான் அர்த்தம். துருக்கி, ஈரான், கிரீஸ், ஸ்பெயின் எல்லாமே அந்தப் பெயரில்தான் நிற்கும். அதில் மோசம் ஒன்றும் இல்லை, நல்ல கற்களும் உண்டு. ஆனால் இத்தாலி விலை கொடுக்கும்போது எந்த ஊர்க் கல், பாளமாக வந்து இங்கே அறுத்ததா, ஸ்லாப்பாகவே வந்ததா என்று கேட்டுவிட வேண்டும். நான் ஹாலுக்கும் அறைகளுக்கும் எடுத்தது போட்டிச்சினோ, வடக்கு இத்தாலியில் பிரெஷா பக்கத்துக் கல், இளம் சந்தன நிறம். புவியியல் கணக்கில் அது மார்பிளே இல்லை, சுண்ணாம்புக்கல். பாலீஷ் ஏறினால் வியாபாரத்தில் எல்லாம் மார்பிள்தான். பூஜை அறைக்கு மட்டும் ஆசைக்குக் கர்ராரா வெள்ளை.

கல் விற்கிற யார்டுக்கு, மயிலாடியில் சிலை செதுக்குகிற அண்ணன் ஒருவரைக் கூட்டிப் போனேன். நான் செய்த ஒரே புத்திசாலித்தனம் அதுதான். அவர் விலைப் பக்கம் திரும்பவே இல்லை. ஸ்லாப்பின் பின்பக்கம் ஒட்டியிருந்த வலையைப் பார்த்தார், சில இடத்தில் தட்டிக் காது கொடுத்தார். அப்புறம் ஒரு வாளித் தண்ணீர் வாங்கி முகப்பில் ஊற்றிவிட்டு, "ஒரு சாயா குடிச்சிட்டு வருவோம்" என்றார். திரும்பி வந்து பார்த்தால் கல் காய்ந்திருந்தது, கீறல் இருந்த இடத்தில் மட்டும் முடிபோல ஈரக்கோடு நின்றது. பிசின் நிரப்பி மேலே பாலீஷ் போட்ட வெடிப்புகள். எட்டு ஸ்லாப்பைக் கழித்தோம், கடைக்காரர் முகம் சரியில்லை. கடைசியில் ஒரே பாளத்தில் இருந்து வரிசையாக அறுத்த நம்பர்களாகப் பொறுக்கினோம், இல்லையென்றால் ஹால் ஒரு நிறம், அறை ஒரு நிறம் ஆகிவிடும். ஒன்பதுக்கு ஐந்தடி ஸ்லாப், 18 மில்லிமீட்டர் கனம், ஒன்று 200 கிலோவுக்குக் குறையாது. அதைக் கண்ணாடிபோல நிறுத்தித்தான் கொண்டுவர வேண்டும். படுக்க வைத்தால் தன் கனத்திலேயே ஒடியும்.

கல்லில் செலவழித்த கவனத்தைப் பதிக்கும்போது செலவழிக்கவில்லை. இன்றைக்கு என் வீட்டில் இருக்கிற குறைகளில் பெரும்பாலானவை கல்லுடையவை அல்ல, அடியில் நடந்தவை. வெளிர் கல்லுக்கு அடியில் வெள்ளை சிமெண்ட்தான் போட வேண்டும், சாதா சிமெண்டின் சாம்பல் நிறம் கல்லுக்குள் ஊறி மேலே தெரியும். இது எனக்குத் தெரியும், பதித்த ஆட்களுக்கும் தெரியும். ஆனால் பூஜை அறையில் கடைசி இரண்டு கல் பாக்கி இருக்கும்போது வெள்ளை சிமெண்ட் தீர்ந்திருக்கிறது. நான் அன்றைக்கு நாகர்கோவிலில். கடை பூட்டியிருந்தது என்று சாதா சிமெண்டில் ஒட்டிவிட்டார்கள். ஒன்பது வருஷமாக அந்த இரண்டு கல்லும் மழை மூடிய வானம் மாதிரி இருக்கிறது. விளக்கு ஏற்றும்போதெல்லாம் கண் அங்கேதான் போகிறது.

ரசமட்டம் வைத்து மட்டம் பார்ப்பதை எல்லாரும் செய்வார்கள். மறுநாள் காலையில் ஒரு நாணயத்தால் கல் முழுக்கத் தட்டிப் பார்ப்பதை நாம்தான் செய்ய வேண்டும். கலவை நிறைந்த இடம் 'டங்' என்கும், பொள்ளலாக இருந்தால் 'டொப்' என்கும். ஹாலில் இரண்டு கல் டொப் என்றது. சண்டை போட்டு எடுக்க வைத்தேன். அதை விட்டிருந்தால் பீரோ கால் ஊன்றிய அன்றைக்கே கீறியிருக்கும்.

பாலீஷுக்கு அவசரப்படக் கூடாது. அடி ஈரம் வற்ற மூன்று, நாலு வாரமாவது வேண்டும். எங்களுக்குப் பால்காய்ச்சு நாள் குறித்தாகிவிட்டது, இரண்டு வாரத்திலேயே மிஷின் இறக்கினோம். எபாக்ஸி போட்டு இணைப்பு அடைத்து, கரடுமுரடில் தொடங்கி நைஸ் வரைக்கும் ஏழெட்டுத் தேய்ப்புக்கல் மாற்றித் தேய்த்தார்கள். முகம் தெரிகிற பளபளப்பு வந்தது. அந்தத் தேய்ப்பில் வந்த வெள்ளைச் சகதியைக் கழிவுநீர்க் குழாயில் விட்டுவிடாதீர்கள், உள்ளே போய் இறுகிவிடும். நாங்கள் வாரித் தென்னை மூட்டில் போட்டோம், அதுவும் மேலே காரை பிடித்ததுபோல இறுகித்தான் கிடந்தது.

அப்பாவுக்கு இதில் எதுவும் ஒப்பவில்லை. "ரெண்டு மைல்ல பத்மநாபபுரம் கொட்டாரம் இருக்கு. அதுக்க தரை சிரட்டைக் கரி, சுண்ணாம்பு, முட்டை வெள்ளை. எத்தனை தலைமுறை நடந்தும் இன்னும் முகம் தெரியுது. நீ இத்தாலிக்குப் போயிருக்க" என்றார். அந்த அரண்மனையில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் விடுவார்கள் அப்பா என்றேன். "அப்ப இங்கயும் கழத்தச் சொல்லு" என்றார். பிறகு அதுவே வீட்டுச் சட்டமானது. தரையில் கீறல் குறைவாக இருப்பதற்கு அதுதான் காரணம். செருப்பில் ஒட்டி வரும் மணல், மார்பிளைவிடக் கடினமானது.

முதல் அடி விழுந்தது 2017 நவம்பர் கடைசியில், ஒக்கி புயல் அடித்தபோது. வாசல் வழியாகத் தண்ணீர் ஏறி ஹாலில் கணுக்கால் அளவு ஒரு ராத்திரி நின்றது. மேலே துடைத்துவிட்டோம், அடியில் போனதை என்ன செய்ய? சுவர் ஓரமாகக் கற்கள் கறுத்தன. ஓரங்களில் வெள்ளையாக உப்புப் பூத்தது. துடைக்கத் துடைக்கத் திரும்பப் பூத்தது. பங்குனி வெயில் வரைக்கும் ஜன்னலைத் திறந்து போட்டதில் பெரும்பாலும் தானாக ஆறியது. ஆனால் பூஜை அறையின் வெள்ளைக் கல்லில் ஒரு மூலை மஞ்சளாகி அப்படியே நின்றுவிட்டது. வெள்ளை மார்பிளுக்குள் துளித்துளியாக இரும்புச் சத்து இருக்கும், ஈரம் நீண்ட நாள் நின்றால் அது துருப்பிடிக்கும். கல்லுக்கு உள்ளேயே துரு, பாலீஷ் போட்டாலும் போகாது. இரண்டு மழைக்காலமும் பெய்கிற மாவட்டம் இது. தரைத்தளத்தில் மார்பிள் போடுகிறவர்கள் அடியில் ஈரத்தடுப்புக்குக் காசு பார்க்காதீர்கள்.

இரண்டாவது அடி அம்மாவின் மீன்கறிச் சட்டி. ஒருநாள் டைனிங் டேபிளில் இடமில்லை என்று சட்டியைத் தரையில் இறக்கி வைத்தாள். அடியில் குடம்புளிச் சாறு ஒழுகியிருந்தது. பத்து நிமிஷம் இருக்கும். சட்டியை எடுத்துத் துடைத்தபின் பிறை வடிவில் ஒரு தடம், நிறம் மாறவில்லை, பளபளப்பு மட்டும் இல்லை. விரலால் தடவினால் அந்த இடம் மட்டும் சொரசொரவென்று இருந்தது. அம்மா தேங்காய் நார் எடுத்துத் தேய்க்கப் போனாள். "கறை இல்லைம்மா, கல்லே கரைஞ்சு போச்சு" என்றேன். "புளிக்குக் கரையுற கல்லையா மக்களே இவ்வளவு ரூவா குடுத்து வாங்குன?" என்றாள். பதில் இல்லை. சுண்ணாம்புச் சத்துக் கல், புளிப்பு எது பட்டாலும் வேலை ஆகிவிடும்: எலுமிச்சை, தயிர், ஊறுகாய், கக்கூஸ் கழுவுகிற ஆசிட். கடைசியாகச் சொன்னது விழுந்தால் ஒரே நிமிஷம். குளியலறை வாசலில் அப்படி ஒரு கல் போயிற்று.

எண்ணெய்க் கறை வேறு மாதிரி, கல் கரையாது, உள்ளே குடித்துக்கொள்ளும். சக்கை, அதாவது பலாப்பழம், வெட்டும்போது கைக்குத் தேங்காய் எண்ணெய் தடவாமல் முடியுமா? அந்தக் கை ஊன்றிய இடமெல்லாம் ஐந்து விரலோடு பதிந்தது. சமையல் சோடாவை அசிட்டோனில் குழைத்துக் கறைமேல் கனமாகப் பூசி, பாலித்தீன் தாளால் மூடி ஓரத்தில் டேப் ஒட்டி ஒருநாள் விட்டேன். ஜன்னலைத் திறந்துவைத்துக்கொண்டு, அடுப்புப் பக்கம் போகாமல் செய்ய வேண்டும். மூன்று தடவையில் போய்விட்டது. இது பலிக்கும், பொறுமைதான் வேண்டும். கல்லின் நுண்துளைகளை அடைக்கிற சீலர் பூச்சை முதலிலேயே அடித்திருந்தால் இவ்வளவு ஊறியிருக்காது. சீலர் எண்ணெயைத் தடுக்கும், புளியைத் தடுக்காது. விற்கிறவர்கள் இந்த இரண்டாவது பாதியைச் சொல்வதில்லை.

முன்வாசல் படி முழுத் தோல்வி. வெயிலும் மழையும் மாறி மாறிப் பட்டு, இரண்டு வருஷத்தில் பளபளப்புப் போய்ப் பாசி பிடித்தது. சிக்காகோவில் எண்பது மாடிக் கட்டிடம் முழுக்கக் கர்ராரா மார்பிள் பலகை ஒட்டி, அது வெயிலிலும் குளிரிலும் வில்லாக வளைந்து, 1990-களின் தொடக்கத்தில் எல்லாவற்றையும் கழற்றிக் கிரானைட் மாற்றினார்கள் என்று பிறகு படித்தேன். அவர்களே அப்படி என்றால் நான் எம்மாத்திரம். படியை உடைத்துக் கிரானைட் போட்டேன்.

2021-ல் ஒருமுறை மறுபாலீஷ் செய்தோம். மூன்று நாள் வீடு சகதி, அப்புறம் புதுசு. பிறைத்தடம் போனது, விரல்தடம் ஏற்கெனவே போயிருந்தது, மஞ்சள் மூலை போகவில்லை. தினசரிக்கு வெறும் தண்ணீரும் வாரம் ஒருமுறை மென்மையான சோப்பும்தான். ஆடி மாசக் காற்றில் சில காலை தரை வியர்க்கும், வயசானவர்கள் இருந்தால் நடைபாதையில் ஒரு விரிப்பு போட்டுவிடுங்கள்.

திரும்பக் கட்டினால் இரண்டு படுக்கையறைக்கும் இதே போட்டிச்சினோதான் போடுவேன். சித்திரை மத்தியானத்தில் வெறும் தரையில் துண்டை விரித்துப் படுத்தால் ஏ.சி. தேவையில்லை. சாப்பிடுகிற இடத்துக்கும் பூஜை அறைக்கும் வேண்டாம்.

அதே லாட்டில் மிச்சமான இரண்டு துண்டைப் பின்னால் ஷெட்டில் நிறுத்தி வைத்திருந்தேன், எதிர்காலத்தில் ஒரு கல் உடைந்தால் மாற்ற. போன வாரம் பார்த்தால் ஒன்றைக் காணவில்லை. கிணற்றடியில் கிடக்கிறது. அதன்மேல் வைத்துத்தான் அம்மா மீன் வெட்டுகிறாள்.