ஆஃப்டர்பர்னர்: கேம் எங்கே திணறுகிறது என்று காட்டிக்கொடுக்கும் இலவச மென்பொருள்

இரண்டு வாரமாக ஒரு ஓப்பன் வேர்ல்டு கேமோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். காட்டுக்குள் குதிரை ஓட்டினால் வழுக்கிக்கொண்டு போகும். நகரத்து வாசலில் திரும்பியதும் ஒரு வெட்டு, நாலு அடி தள்ளி இன்னொரு வெட்டு. ஷேடோவைக் குறைத்தேன், புல்லைக் குறைத்தேன், ரெசல்யூஷனையும் இறக்கினேன். படம் மங்கியதுதான் மிச்சம்.

அப்புறம்தான் எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னரை நிறுவினேன். எந்த நிறுவனத்து கிராபிக்ஸ் கார்டு என்றாலும் வேலை செய்யும். கூடவே வரும் ரிவாட்யூனரையும் சேர்த்து நிறுவ வேண்டும். கேம் ஓடும்போதே கார்டின் நிலவரத்தைத் திரையில் எண்களாகக் காட்டுவது அதுதான். முகப்பில் இருக்கும், கார்டின் வேகத்தைக் கூட்டும் ஓவர்கிளாக் ஸ்லைடர்கள் பக்கமே நான் போகவில்லை. இந்த வேலைக்கு அவை தேவையும் இல்லை. செட்டிங்ஸில் மானிட்டரிங் பகுதிக்குப் போய், வேண்டியதை ஒவ்வொன்றாகத் தேர்ந்தெடுத்து, திரையில் காட்டு என்று டிக் செய்ய வேண்டும். ஒரு ஃப்ரேம், அதாவது ஒரு படம், திரைக்கு வர ஆகும் நேரமான ஃப்ரேம்டைமை மட்டும் எண்ணாக வைக்காமல் கிராஃபாக மாற்றுங்கள். எனக்கு விஷயம் பிடிபட்டதே அந்தக் கோட்டில்தான்.

60 எஃப்பிஎஸ், அதாவது நொடிக்கு 60 ஃப்ரேம் என்றால், ஒரு ஃப்ரேமுக்கு 16.7 மில்லி செகண்ட். ஒரே ஒரு ஃப்ரேம் 120 மில்லி செகண்ட் எடுத்துக்கொண்டு, மற்றவை சரியாக வந்தால், அந்த நொடியில் எஃப்பிஎஸ் 53 என்றுதான் காட்டும். பரவாயில்லையே என்று தோன்றும். ஆனால் காட்சி சட்டென்று நின்றதைக் கண் பார்த்துவிடும். கிராஃபில் அது ஊசி மாதிரி எழுந்து நின்றது.

ஊசி எழும்பிய இடத்தில் மற்ற எண்களைப் பார்த்தேன். என் கார்டின் 6 ஜிபி வீடியோ மெமரி விளிம்பு வரை நிரம்பியிருந்தது. 97 சதவீதத்தில் இருந்த ஜிபியு (கார்டின் சிப்) பயன்பாடு அதே நேரத்தில் சரிந்தது. மெமரியில் இடம் இல்லாததால், டெக்ஸ்சர்கள் (பொருள்களின் மேற்பரப்புப் படங்கள்) கணினியின் ரேமிலிருந்து வந்து சேரும்வரை கார்டு கைகட்டிக் காத்திருக்கிறது! டெக்ஸ்சரை அல்ட்ராவிலிருந்து ஹைக்கு மாற்றி, கேமை மூடித் திறந்தேன். ஊசிகள் காணாமல் போயின. வீணாகக் குறைத்த ஷேடோவைத் திரும்ப ஏற்றிக்கொண்டேன்.

நகரத்துச் சந்தையில் மட்டும் எஃப்பிஎஸ் 48 வரை இறங்கியது. அங்கே மெமரியில் இடம் இருந்தது, ஜிபியு பயன்பாடு 65 சதவீதம்தான். அப்படியென்றால் திணறுவது பிராசஸர்; ரெசல்யூஷனைக் குறைத்துப் பயனில்லை. கூட்ட அடர்த்தியை ஒரு படி குறைத்ததும் 60 நின்றது. கடைசியாக ரிவாட்யூனரிலேயே 60க்கு வரம்பு வைத்தேன், கோடு நூல் பிடித்தாற்போல் ஆனது.

ஆன்லைன் போட்டி கேம்கள் சிலவற்றில் ஏமாற்று வேலையைத் தடுக்கும் ஆன்டி சீட் மென்பொருள் இந்தத் திரை எண்களைத் தடுத்துவிடும். தனியாக விளையாடும் கேம் திணறுகிறது என்றால், எந்த செட்டிங்கையும் தொடும் முன் இதைப் போட்டுப் பாருங்கள்.