டார்க்டேபிளில் லென்ஸ் திருத்தம்: பெயர் சரியாக இருக்கும் வரை

கேமராவுடன் சேர்ந்தே வரும் கிட் லென்ஸை 18 மில்லிமீட்டர் குவியத் தூரத்தில் வைத்து ஒரு செங்கல் சுவரை நேர் எதிரே நின்று எடுத்துப் பாருங்கள். படத்தின் மேல் விளிம்பை ஒட்டிய செங்கல் வரிசை நடுவில் மேலே புடைத்தும் இரு முனைகளிலும் இறங்கியும் நிற்கும். டார்க்டேபிள் என்னும் படத்திருத்த மென்பொருளில் அதன் ரா கோப்பை (கேமரா பதப்படுத்தாமல் எழுதும் மூலக் கோப்பு) திறந்து லென்ஸ் திருத்தப் பகுதியை இயக்கினால், கேமராவின் பெயரும் லென்ஸின் பெயரும் தாமாகவே வந்து அமர, வளைந்திருந்த வரிசை அடுத்த கணமே நிமிர்ந்துவிடுகிறது. காசு கொடுக்காமல் கிடைக்கும் ஒரு மென்பொருளில் இதை முதன்முறை பார்த்தபோது எனக்கு வியப்பாகவே இருந்தது.

ஆனால் மென்பொருள் படத்தை ஆராய்ந்து லென்ஸைக் கண்டறிவதில்லை. படம் எடுக்கும்போது கேமரா கோப்புக்குள் எழுதிவைக்கும் எக்ஸிஃப் தகவலை வாசித்து, பொதுவாக அதிலுள்ள பெயரை லென்ஸ்ஃபன் என்னும் திறந்த தரவுத்தளத்தில் தேடுகிறது. தன்னார்வலர்கள் தங்கள் லென்ஸ்களைக் கொண்டு அளந்து சேர்த்த எண்களே அத்தளத்தில் உள்ளன. ஆகவே இந்த வசதியின் தரம் இரண்டைப் பொறுத்தது: கேமரா சொன்ன பெயர் உண்மையா, அந்த லென்ஸை யாராவது அளந்திருக்கிறார்களா.

முதலாவதில்தான் சிக்கல் அதிகம். கேனானின் இஎஃப் பொருத்தி (லென்ஸை மாட்டும் வளையம்) கொண்ட கேமராக்களில் லென்ஸ் தன்னை ஓர் எண்ணால் அறிமுகப்படுத்திக்கொள்கிறது. அதே பொருத்தியில் மாட்டும் லென்ஸ்களைச் செய்த பிற நிறுவனங்கள் கேனானின் எண்களையே எடுத்துக்கொண்டதால், ஒரே எண்ணுக்குப் பல லென்ஸ்கள் சொந்தம் கொண்டாடுகின்றன. நான் முன்பு பயன்படுத்திய வேறொரு மென்பொருள், பிறர் பயன்படுத்தியதாக வாங்கிய என் ஜூம் லென்ஸை இப்படித்தான் இன்னொன்றாக எண்ணிக்கொண்டு, புடைத்திருந்த சுவரை உட்குழிந்த சுவராக்கி வைத்தது. எந்த எச்சரிக்கையும் இல்லாததால், ஏறத்தாழ நூறு படங்களை அனுப்பிய பிறகே அதைக் கவனித்தேன். திருத்தாமலே விட்டிருந்தால்கூட அவ்வளவு மோசமாக இருந்திருக்காது.

டார்க்டேபிள் இவ்விடத்தில் நேர்மையாக நடந்துகொள்கிறது. தான் தேர்ந்த பெயரைக் கண்ணுக்கு எதிரே காட்டுகிறது. அது தவறென்றால் பெயரைச் சொடுக்கிப் பட்டியலிலிருந்து நாமே மாற்றிக்கொள்ளலாம். அதைவிட எனக்குப் பிடித்தது, எந்தெந்தத் திருத்தங்கள் உண்மையில் நடந்தன என்று சொல்லும் சிறு வரி. பல லென்ஸ்களுக்கு வளைவின் அளவு இருக்கும், மூலை இருளுக்கான அளவு இருக்காது. ஏனெனில் வளைவை அளக்க நேர்க்கோடுகள் கொண்ட ஒரு கட்டடம் போதும், மூலை இருளையோ ஒவ்வொரு குவியத் தூரத்திலும் ஒவ்வொரு அப்பெர்ச்சரிலும் (லென்ஸ் துளையின் அளவு) தனித்தனியே அளக்க வேண்டும். அந்த வரியைப் படிக்காதவர், மூலை ஏன் இன்னும் கறுத்திருக்கிறது என்று வீணாகத் தேடிக்கொண்டிருப்பார்.

புதிய லென்ஸ் வாங்கியவர்கள் சற்றுக் காத்திருக்க நேரலாம். லினக்ஸில் லென்ஸ்ஃபன் தரவைப் புதுப்பிக்க ஒரே ஒரு கட்டளை போதும், ஆனால் யாரும் அளக்காத லென்ஸை எந்தக் கட்டளையும் கொண்டுவராது. மின் தொடர்பே இல்லாத பழைய மேனுவல் லென்ஸ்களோ கேமராவிடம் வாயே திறப்பதில்லை. அங்கே லென்ஸின் பெயரையும் குவியத் தூரத்தையும் கையால்தான் கொடுக்க வேண்டும். நான் அத்தகைய லென்ஸ் ஒவ்வொன்றுக்கும் ஒரு முன்னமைவைச் சேமித்துவைத்திருக்கிறேன், வேலை பாதியாகக் குறைகிறது.

ரா கோப்புகளில் வேலை செய்பவர்களுக்கு இதைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். ஜேபெக் கோப்புகளில் மட்டும் கவனம் தேவை: இன்றைய கேமராக்கள் பலவும் வளைவைத் தாமே சரிசெய்துதான் ஜேபெக்கை எழுதுகின்றன, லென்ஸின் பெயரும் அதில் அப்படியே இருப்பதால், மென்பொருள் இரண்டாம் முறை திருத்தி நேரான கோட்டை எதிர்ப்பக்கம் வளைத்துவிடும். அந்தப் படங்களில் இப்பகுதியை நான் தொடுவதே இல்லை.