ஃபைட்டர் மீனுக்கு பவுல் வேணாம்: பதினஞ்சு இஞ்ச் டேங்க், நாலு மாச அனுபவம்

போன வருஷம் ஒரு கடையில "ஃபைட்டர்தானே தம்பி, டம்ளர்ல விட்டாலும் கெடக்கும்"னு சொல்லி ஒரு குட்டி கண்ணாடி பவுலையும் சேத்து என் தலைல கட்டிட்டாங்க. ரெண்டே மாசம், வால் நுனியெல்லாம் கருத்து பிஞ்சு பிஞ்சு போய் ஒருநாள் காலைல மெதந்துது. பெட்டா, அதான் இந்த ஃபைட்டர், மேல வந்து காத்தை நேரா மூச்சு இழுக்கும்ங்கறது உண்மைதான், அதுக்குன்னு லேபிரிந்த்னு தனி உறுப்பே இருக்கு, ஆனா அது போடுற கழிவுல வர்ற அமோனியாங்கற விஷம் அந்த ஒரு லிட்டர் தண்ணிய விட்டுட்டு எங்க போகும்?

இந்த தடவ மெட்ராஸ்ல வண்ண மீன் கடைங்க இருக்கிற கொளத்தூர் போய் நாலஞ்சு கடை ஏறி இறங்கி 15க்கு 10க்கு 10 இஞ்ச் டேங்க், ஸ்பாஞ்ச் ஃபில்டர், அதை ஓட்ட ஏர் பம்ப், மூடி எல்லாம் வாங்கியாந்தேன். மேல ரெண்டு இஞ்ச் விட்டு ரொப்பினா 20 லிட்டர் கிட்ட நிக்குது. டேங்க் அருமை, ஒட்டு சுத்தமா இருக்கு, அடில தெர்மாகோல் வச்சு உக்கார வச்சேன், ஒரு சொட்டு கசியல.

ஸ்பாஞ்ச் ஃபில்டர்தான் இதுக்கு சரி, மோட்டார் ஃபில்டர் போட்டா தண்ணி வேகத்துல அந்த பெரிய வாலோட நீந்த முடியாம மூலைல ஒதுங்கிரும். ஏர் பம்ப் மட்டும் ராத்திரி கொர்ர்னு உயிரை வாங்குது, மடிச்ச துண்டு மேல வச்சப்புறம் பரவால்ல. இன்னொன்னு, பம்ப்பை கீழ வச்சீங்கன்னா நடுவுல நான்-ரிட்டர்ன் வால்வு கண்டிப்பா போடுங்க, எனக்கு ஒருநாள் கரண்ட் போனப்ப தண்ணி ட்யூப் வழியா பின்னாடி வந்து ஸ்பைக் பஸ்டர் பக்கத்துல குளம் கட்டிருச்சு.

ஹீட்டரும் எடுத்துக்கங்கன்னாங்க, வேணாம்னுட்டேன். 24லேர்ந்து 28 டிகிரி போதும், மெட்ராஸ்ல அதுக்கு கொறைஞ்சாதானே, ஊட்டி கொடைக்கானல்காரங்க வாங்கிக்கங்க. பிளாஸ்டிக் செடியும் வேணாம், பழைய நைலான் சாக்ஸை அது மேல தேச்சுப் பாருங்க, நூல் இழுத்துதுன்னா வாலையும் கிழிக்கும். நான் ஒரு கல்லுல அனுபியாஸ்ங்கற நிஜ தண்ணிச்செடிய கட்டி விட்டிருக்கேன், அது பாட்டுக்கு வளருது.

மீனை உடனே விடல. தண்ணில இருக்கிற குளோரின் போக ஆன்ட்டி குளோரின் ஊத்தி, தெனம் ரெண்டு தீவன உருண்டை போட்டு அமோனியாவ மாத்துற பாக்டீரியா ஃபில்டர்ல வளரட்டும்னு ஒரு மாசத்துக்கு மேல வெறும் தண்ணிய ஓடவிட்டேன், இல்லாத மீனுக்கு சோறு போடுறான்னு வீட்ல ஒரே சிரிப்பு. கடைசில டெஸ்ட் கிட்ல அமோனியா, அதுலேர்ந்து வர்ற நைட்ரைட் ரெண்டும் ஜீரோ காட்டினப்புறம்தான் விட்டேன். இப்ப வாரம் ஒருக்கா கால்வாசி தண்ணி மாத்துறதோட வேலை முடிஞ்சுது, பவுலுக்கு ரெண்டு நாளைக்கு ஒருக்கா மாரடிச்சேன். பய நீலக் கலர்ல மினுமினுன்னு இருக்கான், ஃபில்டர் ஓரமா நுரைக்கூடு வேற கட்டுறான்.

மூடிக்கு மட்டும் மார்க் கொறைக்கணும். ட்யூப் போற ஓட்டைய ரெண்டு விரல் அகலத்துக்கு வெட்டி குடுத்திருக்காங்க, இதுங்க எகிறி குதிக்கிற ஜாதி. இப்போதைக்கு கொசுவலைத் துண்டு வச்சு டேப் ஒட்டிருக்கேன்.